கடைப்போலி

2024 மார்ச் கடைசியில் ஆறு வார விடுப்பில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டொரொன்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் பதினான்கு மாடிக் கட்டடம். அதில் பதினோராவது மாடி. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அத்தான் நாலு பக்க ஆங்கிலத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "நீதான் இங்கிலீஷ் பி.ஏ. ஆச்சே. விமர்சனமெல்லாம் வேற எழுதறே. இதைக் கொஞ்சம் தமிழ்ல ஆக்கிக் குடு. கட்டடத்துல வயசானவங்க நிறைய, யாழ்ப்பாணத்துக்காரங்க. அவங்களுக்கும் புரியணும்ல" என்றார். அத்தான் அந்த அடுக்ககத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்.

கட்டடம் மூன்று பக்கம் சூழ்ந்து நிற்க, நடுவில் ஒரு முற்றம். முற்றத்துக்குக் கீழே கார் நிறுத்தும் நிலவறை. ஆக, அங்கே இருந்த புல் பூமியில் முளைத்ததல்ல. ஒரு கான்கிரீட் கூரையின் மேல் பரப்பிய ஓரடி மண்ணில் முளைத்தது. கூரைக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் தடுக்கும் படலம் ஒன்று உண்டு. முப்பது சொச்சம் வருஷத்தில் அது நைந்து, கீழே கார்களின் தலையில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. படலத்தை மாற்ற வேண்டுமானால் மேலே இருக்கிற மண், புல், புதர் அத்தனையையும் வாரி எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு திரும்ப எதைப் போடுவது? செயற்கைப் புல் பதிக்கலாம் என்று குழு சிபாரிசு செய்திருந்தது. பொதுச் சொத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் என்றால் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி வீட்டு உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். அதற்கான தாள்தான் இது.

முதல் வரியிலேயே தடுக்கிற்று. 'செயற்கைப் புல்' என்று எழுதினேன். எழுதியதும் அது சரியில்லை என்று பட்டது. செயற்கை என்பது தமிழில் கௌரவமான சொல். செயற்கைப் பட்டு, செயற்கைக்கோள் என்கிறோம். செய்கையால் ஆனது என்பதற்கு மேல் அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. என் கை அதை அடித்துவிட்டு 'போலிப் புல்' என்று எழுதியது. பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். சிறுபத்திரிகையில் எழுதுகிற எவனுக்கும் பேனாவைத் திறந்தால் முதலில் ஒழுகுகிற சொல் அதுதான். போலி அனுபவம், போலிக் கவிதை, போலி அறிவுஜீவி. ஒருவனைப் போலி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு நிரூபிக்க எதுவுமில்லை என்ற சௌகரியத்தில் ஒரு தலைமுறை விமர்சனமே நடந்திருக்கிறது. அந்தச் சௌகரியத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆனால் நம் இலக்கணத்தில் போலி வசைச் சொல் அல்ல. நிலம் என்பதை நிலன் என்றாலும், பந்தல் என்பதைப் பந்தர் என்றாலும் அது கடைப்போலி. சொல்லின் கடைசி எழுத்தின் இடத்தில் இன்னொரு எழுத்து வந்து உட்காருகிறது, பொருள் மாறுவதில்லை. வந்து உட்கார்ந்த எழுத்தை யாரும் வேஷதாரி என்று திட்டுவதில்லை. அப்படியானால், புல்லின் இடத்தில் பாலித்தீன் இழை வந்து உட்கார்ந்தால் முற்றத்தின் பொருள் மாறுகிறதா, மாறவில்லையா? நாலு பக்க நிர்வாகத் தாளை மொழிபெயர்க்க மூன்று வாரம் ஆனதற்கு இந்தக் கேள்விதான் காரணம். அத்தானுக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டதில் நியாயம் இருக்கிறது.

போலி என்று சொன்னால் அசல் எது என்று காட்ட வேண்டும். புல்தரை அசலா? சீராக வெட்டிய பசும்புல் வெளி என்பது ஐரோப்பியப் பிரபுக்களின் ஆடம்பரமாகத் தொடங்கியது. வெட்டுவதற்கு ஆளும் மேய்வதற்கு ஆடும் வைத்திருந்தவர்களால் மட்டுமே முடிந்தது. 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அது நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்தது. பட்டிங்குக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவர் ஊர்ப்பக்கம் கம்பளித் துணி ஆலைகள் உண்டு. நெய்த துணியின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் மயிர்களைச் சீராகச் சிரைக்க ஓர் இயந்திரம் அங்கே இருந்தது. அதைப் பார்த்துத்தான் புல்லுக்கும் ஒன்று செய்தார். ஆக, முதலில் புல்லைத் துணியாக்கினோம். நூற்று முப்பது வருஷம் கழித்துத் துணியைப் புல்லாக்கினோம். இதில் எது எதைப் பார்த்துக் காப்பியடித்தது?

இரண்டாவது கதையும் சுவாரஸ்யம் குறைந்ததல்ல. நகரத்துப் பிள்ளைகள் ஓடி விளையாட இடமில்லாமல் உடல் வலுவில் பின்தங்குகிறார்கள் என்ற கவலை அமெரிக்காவில் எழுந்து, ஃபோர்டு அறக்கட்டளையின் உந்துதலில் தொடங்கிய முயற்சி அது. மான்சான்டோ கம்பெனியின் கிளை ஒன்று நைலானில் செய்து 1964இல் ராட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முதலில் பெரிதாக விரித்தது. 1965இல் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் என்ற பிரம்மாண்டமான கூரை மைதானம் திறந்தார்கள். உள்ளே அசல் புல், மேலே வெளிச்சம் புகும் கூரை. கூசிய வெளிச்சத்தில் பேஸ்பால்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்கு வர்ணம் அடித்தார்கள். வெயில் இல்லாமல் புல் செத்தது. செத்த புல்லுக்கும் மண்ணுக்கும் பச்சை வர்ணம் பூசி அந்தப் பருவத்தை ஓட்டினார்கள். அடுத்த வருஷம் பிளாஸ்டிக் வந்தது. போலி எது என்று கேட்டால், 1965இல் ஆடிய அந்த வர்ணம் பூசிய அசல் புல்லைத்தான் நான் கைகாட்டுவேன்.

(ஹாக்கிப் பிரியர்களுக்கு இதில் வேறு துக்கம் உண்டு. 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக்ஸ் தவறாமல் ஹாக்கியில் பதக்கம் வாங்கிய இந்தியா, செயற்கைத் தரைக்கு மாறிய 1976 மான்ட்ரியலில் ஏழாவதாக வந்தது. எங்கள் கிளையில் ஒரு மூத்த காசாளர் இருந்தார். பணம் எண்ணும்போதுகூட அதைச் சொல்லிப் பொருமுவார். அவர் பார்வையில் வெள்ளைக்காரன் நம்மைத் தோற்கடிக்க முடியாமல் பூமியையே மாற்றிவிட்டான்.)

தத்துவக்காரர்கள் இந்தப் பக்கம் வராமல் இல்லை. கான்ட் 1790இல் வெளியிட்ட அழகுணர்ச்சி பற்றிய நூலின் 42ஆம் பகுதியில் ஒரு விடுதிக்காரனைக் கொண்டுவருகிறார். நைட்டிங்கேல் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு வந்த விருந்தாளிகளுக்காக, குறும்புக்காரப் பையன் ஒருவனைப் புதருக்குள் ஒளித்து வைத்துக் குழலில் அதே மாதிரி ஊதச் சொல்கிறான் அவன். ஏமாற்று என்று தெரிந்த கணத்தில், சற்று முன்வரை சொக்கவைத்த ஒலியை யாராலும் தொடர்ந்து கேட்க முடியாது என்கிறார் கான்ட். காதில் விழுவது அதே ஒலி. மாறியது ஒலியைப் பற்றிய அறிவு. அழகில் ஈடுபடுகிறவன் அது இயற்கையிலிருந்து வந்தது என்பதிலும் சேர்த்தே ஈடுபடுகிறான் என்பது அவர் கட்சி. 1982இல் ராபர்ட் எலியட் 'இயற்கையைப் போலி செய்தல்' பற்றி எழுதிய கட்டுரை ஏறத்தாழ இதே தடத்தில், கள்ள ஓவியத்தை உவமை காட்டிப் போகிறது. எதிர்க்கட்சியில் மார்ட்டின் கிரீகர் இருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெரிய தெருவின் நடுவே பிளாஸ்டிக் மரங்களை நட்ட சமயத்தில், 1973இல் 'சயின்ஸ்' இதழில், பிளாஸ்டிக் மரத்தில் அப்படி என்ன தப்பு என்று நேராகவே கேட்டார். எதை இயற்கை என்று ரசிக்கிறோம் என்பதைச் சமூகம்தான் நமக்குக் கற்றுக்கொடுக்கிறது, அசலைக் காப்பாற்றும் செலவினால் யாருக்கு லாபம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். படித்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கான்டின் கதை ஸ்கார்பரோ முற்றத்துக்குப் பொருந்தவில்லை. அங்கே விருந்தாளிகள் ஏமாற்றப்பட்டார்கள். இங்கே தாள் கொடுத்து, விலை சொல்லி, ஓட்டெடுத்து, மூன்றில் இரண்டு பங்குச் சம்மதத்துடன் போடுகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த பொய்யை எப்படிப் பொய் என்பது? நாடகத்தில் திரைச்சீலையில் எழுதிய காட்டைப் பொய் என்று நாம் சொல்வதில்லை.

சரி, அசல் புல் அங்கே என்ன நிலைமையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் பனி உருகி முற்றம் வெளியே வந்தது. பழைய சாக்குப் படுதாவின் நிறம். அங்கங்கே வட்டவட்டமாகச் சாம்பல் பூத்தாற்போல் பனிப்பூஞ்சை. பாதையோரங்களில் குளிர்காலம் முழுக்க உப்புக் கொட்டியதில் வெந்துபோன மண். கூரைமேல் மண் என்பதால் அடியில் தண்ணீர் சீக்கிரம் வடியாமல் நடுப்பகுதி முழுதும் சேறு. தெற்கே இருக்கும் சிறகு முற்றத்தின் மேல் நிழலைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அந்த ஊரில் உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. 50 மீட்டர் உயரக் கட்டடம் ஏறக்குறைய 120 மீட்டர் நீளத்துக்கு நிழல் விழுத்தும். ஆஸ்ட்ரோடோமில் கூரைக்கு வர்ணம் பூசிச் செய்ததை இங்கே கட்டடமே செய்கிறது. மே மாதம் கொஞ்சம் பச்சை கட்டும், கூடவே டான்டிலியன் பூக்கள். அழகுக்காகக் களைக்கொல்லி தெளிப்பதை ஒன்டாரியோ 2009இல் தடை செய்துவிட்டது. ஆகவே களை என்று சிலர் முகம் சுளிக்கும் அந்த மஞ்சள்தான் முற்றத்தில் கண்ணுக்கு நிறைவான ஒன்று என்று அக்கா சொன்னாள். நவம்பரில் மறுபடி பனி.

குழுவின் தாளில் மூன்றாம் பக்கம் தொழில்நுட்பம். அதை மொழிபெயர்க்கும்போதுதான் குளிர்ப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் புல்லும் சும்மா கிடக்காது என்று தெரிந்துகொண்டேன். அடியில் தங்கும் தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பருக்கும். பருத்தால் விரிப்பு மேடும் பள்ளமுமாகிவிடும். அதனால் விரிப்பைவிட அதன் கீழே போடும் வடிகால்தான் முக்கியம். முழு ஈரத்தில் ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும்; அந்தச் சுமை கூரையிலிருந்து இறங்கும் என்பது பொறியாளர் சொல்லும் லாபம். பனியை உலோக மண்வெட்டியால் வாரக் கூடாது, இழை கிழியும். பிளாஸ்டிக் மண்வெட்டியால் வாரினாலும் கடைசி ஓர் அங்குலத்தை விட்டுவிட வேண்டும். உப்புப் போடக் கூடாது, படிவு வடிகால் துளைகளை அடைக்கும். பனிக்கட்டி ஒட்டிக்கொண்டால் பெயர்க்கக் கூடாது, உருகும்வரை காத்திருக்க வேண்டும். கோடையில் கரி அடுப்பு வைக்கக் கூடாது, உருகிவிடும். நாய் மூத்திரம் போனால் கழுவ வேண்டும். அசல் புல்லிடம் நமக்குக் கடமை உண்டு, போலிப் புல் நம்மிடம் எதையும் கேட்பதில்லை, அதுதான் அதன் ஒழுக்கக்கேடு என்று ஓர் அருமையான வாதத்தை முதல் வாரத்திலேயே உருவாக்கி வைத்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில் அது செத்தது. இதற்கும் காத்திருக்க வேண்டும், கழுவ வேண்டும், சீவி நிமிர்த்த வேண்டும்.

தாள் சொல்லாத இரண்டு விஷயங்களும் உண்டு. இழைகள் தேய்ந்து நுண்துகளாகி உருகும் பனியோடு சாக்கடைக்குப் போகும். நார்வேயில் விளையாட்டு மைதானங்களில் பனி வாரும்போது ரப்பர் குருணைகளும் சேர்ந்து வெளியேறுவது பெரிய பிரச்சினையாகி, தடுப்புக் கட்டச் சொல்லி விதியே போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய விதிப்படி, அத்தகைய குருணைகளை 2031 அக்டோபருக்குப் பிறகு விற்க முடியாது. முற்றத்துக்குப் போடுவது மணல்தான், குருணை அல்ல என்றார் அத்தான். உண்மை. ஆனால் பதினைந்து வருஷம் கழித்துச் சுருட்டி எடுக்கும் விரிப்பு எங்கே போகும் என்றதற்கு அவரிடம் பதில் இல்லை. குப்பைமேட்டுக்குத்தான்.

நாலாம் பக்கம் கணக்கு. இதில் மட்டும் நான் நிபுணன். ஒன்டாரியோ அடுக்ககங்கள் பெரிய பழுதுகளுக்கென்று ஒரு ஒதுக்கு நிதி வைத்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை ஆய்வு செய்து புதுப்பிக்கவும் வேண்டும். கூரை, லிஃப்ட், கொதிகலன் என்று ஒவ்வொன்றுக்கும் ஆயுள் போட்டு, அது சாகும் தேதிக்குப் பணம் சேர்க்கிறார்கள். புல் இந்தப் பட்டியலில் இல்லை. அதை வெட்டுவதும் விதைப்பதும் அந்தந்த வருஷச் செலவு. பிளாஸ்டிக் விரிப்பு பதித்த மறுநாளே பட்டியலில் ஏறும். ஆயுள் பதினைந்து வருஷம், மாற்றும் செலவு இவ்வளவு என்று. உயிருள்ளதற்குப் பேரேட்டில் இடமில்லை; உயிரில்லாததற்குத்தான் ஆயுட்காலம் குறிக்க முடிகிறது. என் தொழிலில் தினமும் செய்கிற காரியம்தான். என்றாலும் அந்த வரியைத் தமிழில் எழுதும்போது ஒருமுறை எழுந்து பால்கனிக்குப் போய்விட்டு வந்தேன்.

முற்றம் என்ற சொல்லைப் பற்றி இதற்குள் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத் தாளில் இருந்ததற்கு யோசிக்காமல் முற்றம் என்றுதான் போட்டிருந்தேன். எங்கள் வீட்டு முற்றத்தில் புல் கிடையாது. எந்தத் தமிழ் வீட்டு முற்றத்திலும் கிடையாது. பெருக்கித் தெளித்த வெறுந்தரைதான் முற்றம். முற்றத்தில் புல் முளைத்துவிட்டது என்றால் அந்த வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை என்று அர்த்தம். பசும்புல் வெளியைப் பார்த்தால் மனசு நெகிழ வேண்டும் என்பதை நான் கல்லூரியில் மூன்று வருஷம் பாடப்புத்தகத்தில் படித்தேன். படித்ததை என் உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிரீகர் மேல் வந்த எரிச்சலின் காரணம் இது என்று இப்போது தோன்றுகிறது.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆறாவது மாடியில் ஓர் அம்மா இருக்கிறார்; எழுபத்தெட்டு வயது, யாழ்ப்பாணத்தில் புகையிலை நட்ட குடும்பம். முப்பது வருஷத்துக்கு மேல் கனடா வாசம். தமிழ்த் தாள் அவரைப் போன்றவர்களுக்குத்தான். மண்ணோடு வாழ்ந்தவர், பிளாஸ்டிக்கை ஒரு வார்த்தையில் நிராகரிப்பார் என்ற நம்பிக்கையில், அந்த வார்த்தையை என் கட்டுரைக்குக் கொண்டுபோகும் உத்தேசத்துடனேயே, பாதி முடிந்த தாளை எடுத்துக்கொண்டு போனேன். தேத்தண்ணி கொடுத்தார். படித்துக் காட்டினேன். இடையில் ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லதுதானே, போடட்டும்" என்றார்.

அசல் புல் இருக்காதே என்றேன்.

"புல்லு மாட்டுக்கல்லோ தம்பி. எனக்கு நடக்கத் தரை காணும். எங்கடை முத்தத்திலை புல்லு முளைக்க விடமாட்டம். விடிய எழும்பிக் கூட்டுறது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஐஞ்சு மாசம் ஸ்நோ. அது போனா ஒரு மாசம் சேறு. போன வருஷம் உந்தச் சேத்துக்கை சறுக்கி விழுந்து ரெண்டு மாசம் படுக்கையிலை கிடந்தனான். இப்ப கீழை இறங்க மகன் விடான். உங்களுக்குப் புல்லுப் பாக்க ஆசை எண்டா மேலை நிண்டு பாருங்கோ."

மேலே நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரத்தில் அந்தப் புல்லின் மேல் நான் கால் வைத்தது இரண்டு முறை. இரண்டு முறையும் செருப்பில் ஒட்டிய சேற்றை அக்கா திட்டிக்கொண்டே கழுவினாள். அசல் வேண்டும் என்ற என் ரசனைக்கான வட்டியைக் கட்டிக்கொண்டிருந்தது அந்த அம்மாளின் முழங்கால்.

ஆனால் திரும்பி லிஃப்டில் ஏறும்போதே வேறொன்றும் உறைத்தது. அவர் கேட்டது தரை. பச்சையை அவர் கேட்கவில்லை. வழுக்காத, தண்ணீர் தேங்காத, கூட்டிப் பெருக்கக்கூடிய ஒரு தரையைச் சுற்றுப்பாதையாகப் போட்டு, நடுவில் குளோவரோ புதரோ எது முளைக்கிறதோ அதை முளைக்க விட்டால் அவருக்குப் போதும். பிளாஸ்டிக்கின் உறுதி கீழே நடக்கிறவருக்கு. அதன் பச்சை யாருக்கு? மேலே பால்கனியில் நிற்பவர்களுக்கும், வீடு விற்கும்போது எடுக்கும் புகைப்படத்துக்கும்தான். போலி என்ற சொல்லுக்கு இந்த விவகாரத்தில் ஏதாவது பொருள் மிஞ்சியிருந்தால் அது இங்கே இருக்கிறது என்று நினைத்தேன். இழை பாலித்தீன் என்பதில் தவறில்லை. தரை தன்னைத் தரை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டுப் புல் என்று சொல்லிக்கொள்வதில் இருக்கிறது. அத்தானிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கல்லுப் பாவினா மார்ச்ல ஐஸ் கட்டி அவங்கதான் முதல்ல விழுவாங்க. அப்புறம், மேலேருந்து பார்த்தா ஜெயில் முற்றம் மாதிரி இருக்கும். ஐஞ்சு மாசம் வெள்ளை, ரெண்டு மாசம் சாம்பல்னு பார்த்துக்கிட்டு இருக்கிறவனுக்கு ஒரு பச்சை வேண்டாமா? நீ ஆறு வாரத்துல போயிடுவே." இந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பச்சைக்காக ஏங்கும் கண் என்பதும் முழங்காலைப் போல ஓர் உறுப்புதான்.

ஏப்ரல் மத்தியில், எல்லோரும் தொட்டுப் பார்க்கட்டும் என்று வாசல் பக்கம் ஒரு பாய் அளவு மாதிரி விரிப்பைப் போட்டிருந்தார்கள். சாக்கு நிறப் புல்லுக்கு நடுவே அது மட்டும் மரகதம். காலையில் குப்பை போடப் போனபோது அதன்மேல் ஒரு ராபின் நின்றிருந்தது. செம்மார்புக் குருவி, மண் இளகியதும் புழு தேட வந்துவிடும், அதைக் கண்டால் அந்த ஊரில் வசந்தம் வந்தது என்பார்கள். தலையைச் சாய்த்துக் கவனித்தது. இரண்டு அடி ஓடியது. கொத்தியது. மறுபடி தலையைச் சாய்த்தது. மறுபடி கொத்தியது. பிறகு சேற்றுப் பக்கம் போய்விட்டது. கான்டின் விடுதியில் பறவை பொய், மனிதன் ஏமாந்தான். இங்கே மனிதர்கள் யாரும் ஏமாறவில்லை, தாள் கொடுத்தாயிற்று. தாள் கிடைக்காதது இதற்கு மட்டும்தான். கடைப்போலி என்றால் பொருள் மாறக் கூடாது. அந்த அம்மாளுக்கு மாறவில்லை, இன்னும் நன்றாகவே ஆகிறது. இதற்கு மாறிவிட்டது. இரண்டையும் ஒரே பேரேட்டில் எதிரெதிர்ப் பத்தியில் எழுதிக் கூட்டும் முறை எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதுகிறவர்களின் கட்டுரைகளை இனிமேல் கொஞ்சம் சந்தேகத்துடன் படிப்பேன்.

மொழிபெயர்ப்பைக் கடைசியில் முடித்தேன். போலிப் புல்லை அடித்தேன், செயற்கைப் புல்லையும் அடித்தேன். 'பிளாஸ்டிக் புல்' என்று நாலு பக்கத்திலும் போட்டேன். பொருள் என்னவோ அதுதானே பெயர், இதில் என் அபிப்ராயம் எதுவுமில்லை என்று அத்தானிடம் சாதித்தேன். அவருக்குத் திருப்தியில்லை, செயற்கை என்றே இருக்கட்டுமே என்றார். நான் விடவில்லை. அச்சுப்பிரதி பத்தொன்பது வீடுகளுக்குப் போயிற்று.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அக்கா ஃபோன் செய்தாள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு ஓட்டுக் குறைந்து தீர்மானம் தோற்றுவிட்டதாம். ஆறாம் மாடி அம்மாளுக்கு ஓட்டில்லை. வீடு மகன் பேரில் இருக்கிறது, சட்டம் உரிமையாளரைத்தான் கேட்கிறது. தாளை அவர்தான் மகனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். பிளாஸ்டிக் என்றால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவன் எதிர்த்துப் போட்டுவிட்டான். தமிழ்த் தாள் போன மற்ற வீடுகளில் என்ன நடந்தது என்று கேட்டேன். தெரியாது, அத்தானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள்.

படலத்தை மாற்றி, மண்ணைத் திரும்பக் கொட்டி, 2024 செப்டம்பரில் விதைத்தார்கள். அடுத்த ஏப்ரலில் வழக்கம்போல் சேறு. அந்த அம்மா ஆறாவது மாடி நடைக்கூடத்தில் லிஃப்டிலிருந்து கடைசிக் கதவு வரை போய்த் திரும்புகிறாராம். கம்பள விரிப்பு, காலுக்கு மெத்தென்று இருக்கிறது என்று சொன்னாராம். கம்பளம் என்ன நிறம் என்று கேட்டேன். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, கவனித்ததில்லை என்றாள்.